அடை வைத்த கை

என்னைச் சந்தேகப் பிராணி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். பாலை விரலில் தொட்டுப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. என் கோழி என் கண்ணெதிரே இட்ட முட்டையாக இருந்தாலும் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதா முழுகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உடைப்பேன். இந்தக் குணத்தால் நான் இதுவரை எதையும் இழந்ததில்லை என்றுதான் போன வருஷம் வரை நினைத்திருந்தேன்.

எங்கள் வீடு தலத்தெருவில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. கொல்லை பெரியது. தக்காளி, கத்தரி, கொத்தவரை, மிளகாய், ஒரு எலுமிச்சை, இரண்டு தென்னை, அவற்றுக்கு நடுவே கோழிகள். செடி என் பொறுப்பு. கோழி அவர் பொறுப்பு, அவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து. அலுவலகத்தில் யாரையும் அதட்டத் தெரியாத மனிதர், சேவலை அதட்டுவதைக் கேட்க வேண்டும்.

போன மாசியில் தக்காளி காய்த்த காய்ப்பு சொல்லி முடியாது. கொடுக்கிற வீட்டுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. தக்காளிக் கூடையோடு என்னைக் கண்டாலே தெருவில் கதவைச் சாத்துகிறார்கள். சென்னையில் இருக்கும் மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் ஒரு பெண் தக்காளியை வேகவைத்து மசித்து, சூட்டோடு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, தகர மூடியைத் திருகி, பாட்டிலோடு வெந்நீர் அண்டாவில் இறக்கிக் கொதிக்க வைத்தாள். வெளியே எடுத்து ஆறும்போது மூடியின் நடுப்பகுதி ‘டக்’ என்று உள்ளே குழிந்தது. அந்தக் குழி இருக்கிறவரை தக்காளி ஒரு வருஷம் கெடாதாம்.

அந்தப் பெண் சொன்னதில் பாதியைத்தான் நான் நம்பினேன். அவள் சொன்னதைவிடக் கூடுதலாகக் கொதிக்க வைத்தேன். எலுமிச்சைச் சாறு ஊற்றச் சொன்னாள், தாராளமாக ஊற்றினேன். உப்பு தேவையில்லை என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மாவடு நிற்கிறது, நார்த்தங்காய் நிற்கிறது, கருவாடு நிற்கிறது. எதனால் நிற்கிறது? போனில் பேசுகிறவளுக்கு என்ன, கெட்டால் என் தக்காளிதானே கெடும். நான் என் இஷ்டத்துக்குச் செய்தேன்.

பாட்டில்களைப் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்து கொல்லையில் கழுவிக் கவிழ்த்தோம். காரைக்காலில் ஒரு வீட்டில் இத்தனை பாட்டில் சத்தம் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பின்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “என்ன தங்கச்சி, ஒரு பிராந்திக்கடையே போடலாம் போலருக்கே” என்று கேட்டார். தரங்கம்பாடியில் என் சித்தி வீட்டுக்கு நாலு பாட்டில் எடுத்துப் போனபோது, பூவம் தாண்டி சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்லி, ஒரு போலீஸ்காரர் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “தக்காளிங்க” என்றேன். “தக்காளியை எதுக்கும்மா பாட்டில்ல அடைக்கிறீங்க?” என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையின்மை எனக்குப் பிடித்திருந்தது. நம் ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

மிச்ச பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி, உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

சித்திரையில் ஒருநாள் காலை அவருக்குத் தலை சுற்றி, கோழிக்கூண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் இன்னொரு தடவை பார்த்தார். ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதனை செய்தபின் டாக்டரம்மா என்னைத்தான் பார்த்துப் பேசினார்.

“கிட்னி கொஞ்சம் அடி வாங்கிருக்கும்மா. பிரஷர் இறங்கியே ஆகணும். மாத்திரையால பாதி, சாப்பாட்டால பாதி. உப்பை அடியோட நிறுத்துங்க. இல்லேன்னா டயாலிசிஸ்ல போய் நிக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் உப்பு ஜாடியை எடுத்து, அவர் கைக்கு எட்டாத பரணில் வைத்தேன். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு எல்லாம் வீட்டை விட்டுப் போயின. ஒரே பானையில் உப்பில்லாமல் சமைப்பது, என் தட்டில் மட்டும் ஒரு சிட்டிகை தூவிக்கொள்வது என்று ஏற்பாடு. முதல் சில நாள் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சோற்றை உருட்டுவார், பிசைவார், ஜன்னலைப் பார்ப்பார். கடைத் தக்காளி விலை ஏறியதும் கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டில்களை நினைத்துக்கொண்டேன். ஒன்றைத் திறந்து ரசம் வைத்தேன்.

அன்று இரண்டாவது தடவையும் சோறு கேட்டார்.

“ரசம் எப்படி இருக்கு?”

“ஒன் கைப்பக்குவம் யாருக்கு வரும்? உப்பில்லாமயே இப்படி வைக்கிறியே” என்றார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சாப்பாட்டைப் பற்றி ‘ம்’ என்பதற்கு மேல் அவர் சொன்னதில்லை. அதற்கப்புறம் தினமும் பாட்டில் தக்காளிதான். ரசம், குழம்பு, கொத்சு. தினமும் ஒரு பாராட்டு. எனக்கும்கூட தட்டில் தூவும் உப்பு குறைந்துகொண்டே வந்தது. நாக்கு திருந்திவிட்டது என்று மகளிடம் போனில் பீற்றிக்கொண்டேன். அடுப்பில் இருப்பதை வாயில் வைத்துப் பார்த்துச் சமைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. எச்சில். வாசனையும் கையளவும்தான் எனக்கு.

ஆனால் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. அடுத்த தடவையும் இறங்கவில்லை. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டிவிட்டு, “வீட்டுல உப்பு போடுறீங்களாம்மா?” என்று கேட்டார்.

“சத்தியமா இல்லைங்க.”

“அப்போ வெளியில சாப்பிடுறாரு.”

அவ்வளவுதான். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதே எனக்குள் விசாரணை ஆரம்பித்துவிட்டது.

முதல் ஆள் பின்வீட்டு அக்கா. எங்கள் இரண்டு கொல்லைக்கும் நடுவேயுள்ள வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி உண்டு. கறிவேப்பிலை, உறைமோர், பாயசம் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும் வரும். அக்கா வைக்கிற கருவாட்டுக் குழம்பு வாசம் கொல்லையில் நின்றால் ஆளைத் தூக்கும். இவரோ பொழுதுக்கும் கொல்லையில்தான் நிற்கிறார், கோழியைச் சாக்கிட்டு. அவர் உள்ளே வந்ததும் துண்டை வாங்குகிற மாதிரி கையைப் பிடித்து மோந்து பார்த்தேன். கோழி வாசம்தான் அடித்தது. அதையும் நான் நம்பவில்லை. கருவாட்டு வாசத்தைக் கோழி வாசம் மறைக்காதா என்ன?

மறுநாளே கருவை முள்ளை வெட்டிவரச் சொல்லி இடைவெளியை அடைத்தேன். அக்கா அந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தார்.

“என்ன தங்கச்சி, முள்ளு வைக்கிறே?”

“ஆடு வருதுக்கா.”

“நம்ம தெருவுல யாரு ஆடு வளக்குறா?”

நான் இன்னொரு முள்ளை எடுத்துச் செருகினேன். அக்கா உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றது.

இரண்டாவது ஆள் போலகத்தில் இருக்கும் என் நாத்தனார். அண்ணன் மேல் அவளுக்கு உயிர். வந்தால் பையில் ஏதாவது இருக்கும். அந்தத் தடவை வந்தபோது அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவிலேயே உட்கார்ந்தேன். பையில் என்ன என்று கேட்டேன்.

“வாழைப்பழம் அண்ணி. வேற என்ன இருக்கப் போவுது?”

“சும்மா கேட்டேன்.”

“நீங்க சும்மா கேக்குற ஆளா?” என்று பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். பழம்தான் விழுந்தது. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதான் பேசவில்லை என்று நான் கணக்குப் போட்டேன்.

இதற்கு நடுவில் பாட்டில் காணாமல் போனது. பெட்டியில் மிச்சமிருந்தவை குறைந்துகொண்டே வந்ததால் நான் ஒரு கண் வைத்திருந்தேன். ஒருநாள் ஒன்று இல்லை. சில நாள் கழித்து இன்னொன்றும் இல்லை. இது எனக்குப் புரியவே இல்லை. வெறும் தக்காளியை யார் திருடுவார்கள்? அவர் திறந்து குடித்தாரா? திறந்தால் மூடி ‘டக்’ என்று சத்தம் போடுமே, அடுப்படியில் இருக்கும் எனக்குக் கேட்காமல் போகுமா? காலிப் பாட்டிலும் எங்கும் கிடைக்கவில்லை. கோழிக்கூண்டு, விறகு அடுக்கு, குளியலறை, அவர் சைக்கிள் பெட்டி வரை துழாவினேன். ஒரே ஓர் இடத்தில்தான் கை விடவில்லை. அங்கே நான் கை விடக் கூடாது.

எங்கள் வீட்டில் அடை வைப்பதற்கு ஒரு முறை உண்டு. அகலமான மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி, இடிக்கு முட்டை கலங்காமல் இருக்க ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போட்டு, முட்டைகளை அடுக்கிக் கோழியை உட்கார வைப்போம். எந்தக் கை அடை வைத்ததோ அந்தக் கைதான் குஞ்சு பொரிக்கிற வரை கூடையைத் தொட வேண்டும். கை மாறினால் முட்டை கூமுட்டையாகிவிடும். இதை மூடநம்பிக்கை என்று மகள் சிரிப்பாள். ஆனால் நான் வைத்த அடை எதுவும் உருப்பட்டதில்லை, அவர் வைத்தது எதுவும் தப்பியதில்லை. எதையும் நம்பாத நான் இதை மட்டும் நம்பினேன். அந்த ஆடியில் கருப்புக் கோழியை அவர்தான் அடை வைத்திருந்தார்.

அன்று பென்ஷன் வேலையாக அவர் காலையிலேயே டவுனுக்குக் கிளம்பினார். செருப்பை மாட்டும்போது, “கோழிகிட்ட போயிடாதே, கை மாறக் கூடாது” என்றார். சரி என்றேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

“அது பாட்டுக்கு எறங்கும், திங்கும், ஏறும். நீ கூடைப் பக்கம் போவாதே.”

ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

வெயில் ஏறியதும் கருப்புக் கோழி கூடையை விட்டு இறங்கி, சிலுப்பிக்கொண்டு தண்ணீருக்குப் போனது. நான் கூடையை எட்டிப் பார்த்தேன். முட்டைகளுக்கு ஓரமாக, வைக்கோலுக்குள் தகரம் மின்னியது. இரும்புத் துண்டு அல்ல. முட்டையைத் தொடாமல் இரண்டு விரலால் இழுத்தேன். பாட்டில். அதற்குப் பின்னால் இன்னொன்று. இரண்டும் முட்டைச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தன. கோழி ஓடி வந்து என் மணிக்கட்டில் ரத்தம் வரக் கொத்தியது. அதுவும் சேர்ந்து காவல் காத்திருக்கிறது, பாருங்கள்.

பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடி நடுவில் குழி அப்படியே இருந்தது. திறக்கவே இல்லை.

அவர் திரும்பி வந்தபோது இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். பார்த்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“முட்டையைத் தொட்டியா?”

“முட்டை கெடக்கட்டும். இதை யாருக்காக ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

“எனக்குத்தான்.”

“தொறக்கவே இல்லையே?”

“தொறந்து என்ன பண்றது? வெறும் தக்காளியைக் குடிக்கவா? நீ ரசம் வெச்சாத்தானே அது ரசம்.” நாற்காலியில் உட்கார்ந்தார். “பெட்டி காலியாயிட்டே வருது. தீந்துபோச்சுன்னா நீ கடைத் தக்காளி வாங்குவே. அப்போ பெட்டியில ரெண்டு கெடந்துச்சுன்னு எடுத்து வெக்கலாம்னுதான்.”

“கடைத் தக்காளியும் தக்காளிதானே?”

“அதுல இது இருக்காதே.”

“எது?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மூடியின் குழியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“உப்பு” என்றார்.

நான் பாட்டிலைப் பிடுங்கித் திருகினேன். ‘டக்’ என்றது. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. மாசி மாதத்து அண்டாவும், போனில் பேசிய பெண்ணும், அவளை நம்பாமல் பாட்டிலுக்குப் பாட்டில் கல் உப்பை அள்ளிப் போட்ட என் கையும் கண் முன்னால் வந்து நின்றன. உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டு, சித்திரையிலிருந்து ஆடி வரை தினமும் நானேதான் அவருக்கு உப்பு ஊற்றியிருக்கிறேன். கரண்டி கரண்டியாக. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கங்க என்று கெஞ்சிக் கெஞ்சி.

பயமா, கோபமா, அவமானமா தெரியவில்லை, கத்தினேன்.

“தெரிஞ்சும் ஏங்க சொல்லலை? செத்துப்போவீங்கன்னு டாக்டரம்மா சொல்லாத குறைதானே? நான் அந்த அக்காவை முள்ளு வெச்சு அடைச்சேன், ஒங்க தங்கச்சி பையைக் கவுத்துப் பாத்தேன், வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“சொன்னா நிறுத்திருவே” என்றார். பிறகு மெதுவாக, “மொத நாளே தெரிஞ்சுது. நாளைக்குச் சொல்லிருவோம்னுதான் நெனச்சேன். மறுநாளும் ரசம் நல்லா இருந்துச்சு.”

அதற்குமேல் என்னால் கத்த முடியவில்லை. அழுதேன்.

பெட்டியில் மிஞ்சியிருந்ததை எல்லாம் கொல்லைக்குத் தூக்கிப் போனேன். பின்வீட்டு அக்காவுக்குக் கொடுக்கலாம்தான். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் போன பாட்டில் ரசமாகத் திரும்பி வராது என்று என்ன நிச்சயம்? தென்னைக்கு உப்பு நல்லது. ஒவ்வொன்றாகத் திறந்து தென்னை அடியில் கொட்டினேன். ஒவ்வொரு மூடியும் ‘டக்’ என்றது. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

“தென்னமரத்துக்கு மட்டும் டாக்டரு ஒண்ணும் சொல்லலையாக்கும்” என்றார்.

சிவப்பைக் கண்டதும் கோழிகள் எல்லாம் ஓடி வந்தன. அவர் பதறிப்போய் துண்டை வீசி விரட்டினார். “ச்சூ, ச்சூ! போ அந்தாண்ட! உப்பு, உப்பு! திங்காதே, செத்துப்போவே!”

நான் காலிப் பாட்டிலோடு அவரையே பார்த்தேன். அவரும் துண்டை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் மண்வெட்டியை எடுத்துவந்து தென்னை அடியில் மண்ணைத் தள்ளி மூடினார்.

மறுநாள் நானே முள்ளை இழுத்துப் போட்டேன். கையெல்லாம் கீறல். அக்கா அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஆடு போயிருச்சா தங்கச்சி?” என்றார் நிமிராமலே.

“ஆடு நான்தான்க்கா” என்றேன். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலையை ஒடித்து வேலி வழியாக நீட்டினார். நாத்தனாரைச் சமாதானப்படுத்த நான் போலகம் வரை போக வேண்டியிருந்தது. அவள் அண்ணனைத்தான் முதலில் திட்டினாள், பிறகு என்னை.

கருப்புக் கோழி குஞ்சு பொரித்தது. இரண்டு முட்டை கூமுட்டை. “ஒன் கை பட்டதுதான்” என்றார்.

ரத்த அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. டாக்டரம்மா என்னைப் பாராட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். இந்த மாசியில் தக்காளி அடைத்தபோது அந்தப் பெண் சொன்னபடியே செய்தேன், ஒரு கல் உப்பு போடவில்லை. பாட்டில் ஒன்றும் கெடவில்லை. ரசம் கொதிக்கும்போது ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்குகிறேன், எச்சிலாவது ஒன்றாவது. அவர் சாப்பிடுகிறார். தட்டில் எதையும் மிச்சம் வைப்பதில்லை. பேசுவதும் இல்லை.

அந்தச் சித்திரையிலிருந்து ஆடி வரை, தினமும் ஒரு பாராட்டு. இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அது எனக்குச் சொன்னதா, உப்புக்குச் சொன்னதா? அடுப்பைத் துடைக்கும்போதும், செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் இதுதான் ஓடுகிறது. வேறு எந்தச் சந்தேகமும் என்னை இப்படிப் பிடுங்கித் தின்றதில்லை. ஒருநாள் தாங்க முடியாமல், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்றவரிடம் கேட்டே விட்டேன்.

“அப்போ கைப்பக்குவம் கைப்பக்குவம்னு சொன்னீங்களே, அது என் கையா, உப்பா?”

அவர் துண்டில் கையைத் துடைத்தார்.

“நாளைக்கும் ரசம் வை, சொல்றேன்” என்றார்.

தினமும் வைக்கிறேன். தினமும் கேட்கிறேன். நாளைக்குச் சொல்கிறேன் என்கிறார். சொல்லட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.